திரி கடித்த இடம்

ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். எழுத்து என்னுடையது, பேனா என்னுடையது, அதிலிருந்த பொய்யும் என்னுடையது. வேறு யார் தலையிலும் அதைக் கட்டிவிட முடியாது.

என் மதினிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, நாக்கின் வலது ஓரத்தில் ஒரு புண் வந்து மூன்று மாதமாக ஆறாமல் கிடந்தது. நல்லெண்ணெய் கொப்பளித்துப் பார்த்தார். மணத்தக்காளிக் கீரை தின்று பார்த்தார். திருத்தங்கல் மருந்துக்கடையில் கொடுத்த களிம்பையெல்லாம் தடவிப் பார்த்தார். குழம்பு பிசைந்த கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் அவர் கண் சுருங்குவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு, நான்தான் பிடிவாதமாக மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடமும் அந்த ஆஸ்பத்திரியும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்துகின்றன. அதனால் அங்கே என்னை நாலு பேருக்குத் தெரியும். வரிசையில் நிற்காமல் உள்ளே போனோம். அந்தத் திமிருக்குத்தான் பிற்பாடு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறுவை டாக்டரம்மா அதிகம் பேசாதவர். நாக்கை ஒரு துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார், விளக்கை அணைத்தார், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று மதினியிடம் கேட்டார். மதினி வாயைத் திறந்தார். அவர் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"வேலைக்கெல்லாம் போகல டாக்டர். வீட்டுலதான் இருக்காங்க."

வெற்றிலை, பாக்கு, புகையிலை உண்டா என்றார். இல்லை என்றேன். அது உண்மை. படிவத்தை என் பக்கம் தள்ளினார்கள். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்றும், பழக்கங்கள் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்றும் அழகாக எழுதினேன். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குச் சத்தியமாக எனக்கு அது பூசணிக்காயாகவே தெரியவில்லை. எங்கள் ஊரில் வேலைக்குப் போகிறாள் என்றால், காலையில் தூக்குவாளியோடு கம்பெனி வண்டி ஏறுகிறாள் என்று அர்த்தம். வீட்டுக்குள் காலை நீட்டி உட்கார்ந்து, டி.வி. பார்த்துக்கொண்டே சரவெடி பின்னுகிறவளை யாரும் வேலை பார்க்கிறவள் என்று சொல்ல மாட்டார்கள். 'சும்மாதான் இருக்கேன், கொஞ்சம் பின்னுவேன்' என்று அவளே சொல்வாள். மதினி அப்படித்தான் பதினெட்டு வருஷமாகச் சும்மா இருந்தார்.

இதில் பயமும் உண்டு. வீட்டில் வைத்துப் பின்னக் கூடாது என்று சட்டம். சரவெடிக்கே தடை இருக்கிறது, ஆர்டரும் இருக்கிறது. ஏஜெண்டு சாக்குப்பையில் கொண்டுவந்து போடுவார், பின்னி முடித்ததை அதே சாக்கில் எடுத்துப்போவார். அதையெல்லாம் கொண்டுபோய் ஒரு அரசாங்கக் காகிதத்தில் எழுதினால் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெள்ளைக் கோட்டோடு என்னைப் பார்த்த அந்த ஆஸ்பத்திரியில், என் வீட்டில் சரம் பின்னுகிறார்கள் என்று தெரிய வேண்டாம் என்று இருந்தது. என்னைப் படிக்க வைத்த கையே அதுதான் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் மறைத்தேன்.

சரம் பின்னுவதைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வெடிக்கும் வாலாக ஒரு சின்னத் திரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் திரிகளை ஒரு தாய்த்திரியோடு சேர்த்து நூலால் கட்டிக்கொண்டே போக வேண்டும். முடிகிற இடத்தில் நூலை அறுக்க வேண்டும், நீளமான திரியை நறுக்க வேண்டும். அதற்குக் கத்தரிக்கோல் ஆகாது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் இரும்பு வரக் கூடாது. பொறி பறந்தால் வீடு இருக்காது. கம்பெனிக்குள் என்றால் பித்தளைக் கத்தி கொடுப்பார்கள். வீட்டில் என்ன இருக்கிறது? பல் இருக்கிறது. கையில் சரத்தைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, வலது கடைவாயில் வைத்து ஒரே கடி. எங்கள் தெருவில் அத்தனை பெண்களும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும்போது நானும் கடித்திருக்கிறேன். பாதுகாப்பான முறை என்று சொல்லித்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

படிவம் முடிந்ததும் டாக்டரம்மா புண்ணிலிருந்து ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்தார். கூரான பல் உரசி வந்த புண்ணாக இருக்கலாம், பழக்கம் எதுவும் இல்லையே, ஆனாலும் பார்த்துவிடுவோம் என்றார். மதினியின் சம்மதத்தோடு அந்தத் துண்டை இரண்டாக்கினார்கள். முன்பாதி ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. நாக்கின் அடிப்பக்கம் நோக்கியிருந்த பின்பாதி, எண் ஒட்டிய குப்பியில், பனிக்கட்டிப் பெட்டியில், எங்கள் திட்டத்துக்கு வந்தது. அது யாருடைய சதை என்று கருவியை ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. கருவியை ஓட்டுகிறவள் நான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளும் நான். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் கருவிக்கு ராமன் நுண்ணோக்கி என்று பெயர். ஒரு பொருளின்மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சினால் பெரும்பகுதி போன நிறத்திலேயே திரும்பிவிடும். துளியூண்டு ஒளி மட்டும் கொஞ்சம் நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது உள்ளே இருக்கிற பொருளைப் பொறுத்தது. கொழுப்புக்கு ஒரு மாற்றம், புரதத்துக்கு வேறொரு மாற்றம். அதைக் கணினி மேடும் பள்ளமுமாக ஒரு கோடாக வரைந்து காட்டும். புற்று வந்த சதையில் சில மேடுகள் தாழும், சில மேடுகள் ஏறும். சதையை மெல்லிய சீவலாக்கி, புள்ளி புள்ளியாக ஒளியை நகர்த்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு எடுத்தால், நல்ல இடத்துக்கு நீலமும் சந்தேகமான இடத்துக்குச் சிவப்பும் போட்டு ஒரு படம் கிடைக்கும். சாயம் ஏற்ற வேண்டாம், மருந்தில் ஊற வைக்க வேண்டாம். ஆனால் இன்னும் ஆராய்ச்சிதான். எங்கள் படத்தைப் பார்த்து யாருக்கும் வைத்தியம் செய்வதில்லை.

வியாழக்கிழமை காலையில் கருவியில் வைத்தேன். படம் வரிசை வரிசையாக வந்தது. நீலம், நீலம், நடுவே சில இடங்களில் லேசான சிவப்பு. புண் என்றால் அப்படி இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒரு ஓரம் முழுக்கக் கறுப்பு. கணினிக்குப் புரியாத புள்ளிகளை அது கறுப்பாக விட்டுவிடும். தூசி, நார், அழுக்கு எது இருந்தாலும் அப்படி வரும். அந்தப் புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் எறிந்துவிட வேண்டும் என்பது எங்கள் கூடத்து நடைமுறை. நானே எத்தனையோ முறை எறிந்திருக்கிறேன்.

ஒரு கறுப்புப் புள்ளியைச் சும்மா சொடுக்கிப் பார்த்தேன். கோடு வந்தது. இடதுபக்கம் மூன்று ஊசிகள் செங்குத்தாக நின்றன.

அந்த மூன்று ஊசிகளை எனக்குத் தெரியும். எம்.எஸ்சி. படிக்கும்போது முதல் செய்முறை வகுப்புக்கு வீட்டிலிருந்து ஆளுக்கொரு பொடி கொண்டுவரச் சொன்னார்கள். மற்றவர்கள் சீனி, சோடா உப்பு, முகப்பவுடர் என்று கொண்டுவந்தார்கள். நான் மஞ்சளாக ஒரு சிட்டிகை கந்தகம் கொண்டுபோனேன். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளை என்று வகுப்பே சிரித்தது. கந்தகத்தின் கோடு அவ்வளவு சுத்தமாக, மூன்று ஊசியாக வந்ததைப் பார்த்து ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டி வைத்தார். ஒரு மனுஷியின் நாக்குக்குள் அதே மூன்று ஊசிகள்.

திரி என்பது வெடியுப்பு, கந்தகம், கரி இந்த மூன்றும் பூசிய நூல். உப்பு எச்சிலில் கரைந்து போய்விடும். கந்தகமும் கரியும் கரையாது. புண்ணின் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. ஊசிகளுக்கு வலதுபக்கம் அகலமாக எழுந்திருந்த இரண்டு மேடுகள் கரியுடையவை. சதை நல்லதா கெட்டதா என்று நாங்கள் பார்க்கிற இடத்தில்தான் அந்த மேடுகள் வந்து உட்கார்ந்து மறைக்கின்றன. கறுப்புக்கு அடியில் நீலமா சிவப்பா என்று கணினிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முன்பாதியில் புற்று இல்லை. கூரான பல்லைத் தேய்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று திங்கட்கிழமை சொல்லி அனுப்பப் போகிறார்கள். அண்ணன் அச்சாபீசிலிருந்து போன் செய்து சிரித்தான். சீட்டுக்கட்டு மாதிரி காலண்டர் அடுக்குகிற சத்தம் பின்னால் கேட்டது. மதினி அன்றைக்கே அடுத்த லோடு வாங்கி வைத்துவிட்டாராம். சீசன் இல்லையா! ஊரே நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு எங்கள் கூடத்துக் கழிவறைக் கண்ணாடியில் என் நாக்கை வெளியே நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தினமும் மதுரைக்கு வேலைக்குப் போய்வர விருதுநகரில் எடுத்திருக்கிற என் அறையிலிருந்து கிளம்பி, ஆமத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துத் திருத்தங்கல் போனேன். மதினி உள்ளறையில் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து, வலது கடைவாயில் ஒரு கடி கடித்து நூலைத் துப்பிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்.

"புண்ணோட கடிக்கீகளே மதினி, அறிவு இருக்கா உங்களுக்கு?"

சொன்ன பிறகுதான் அவரிடம் அப்படி ஒரு நாளும் பேசியதில்லை என்று உறைத்தது. மதினி கோபப்படவில்லை. சரத்தை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தார்.

"இரும்பு ஆகாதுன்னு உங்கம்மாதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாக. பல்லுல தீப்பொறி வருமா?"

நான் தரையில் உட்கார்ந்தேன். கறுப்பு ஓரத்தைப் பற்றி, கந்தகத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். இப்படிக் கடிப்பதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று, வெட்கமில்லாமல், அவரையே கேட்டேன்.

"நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். நீதானே தாயி அடைச்ச?"

குரலில் குற்றமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. படித்த பிள்ளை முந்திக்கொண்டு சொல்கிறாள், அதில் ஏதோ காரணம் இருக்கும், நாம் குறுக்கே பேசி அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று நினைத்திருக்கிறார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் அவர் சும்மா இருந்திருக்கிறார். இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டார். நான் அழுதேன், காப்பி ஆறிவிடும் என்று அதட்டினார்.

கறுப்புக்கு அடியில் என்ன நிறம் என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதே திரியின் கந்தகத்துக்கும் கரிக்கும் தனியாக ஒரு கோடு எடுத்து, அதைச் சதையின் கோட்டிலிருந்து கழிக்க வேண்டும். ஆனால் திரியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஒரு விரல்நீளத் திரியைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊற வைத்து, மூன்று தரம் தண்ணீர் மாற்றிக் கழுவினேன். வெடியுப்பு போய்விட்டால் மிஞ்சுவது வெறும் அழுக்குத்தான். அதில் கண்மை அளவுக்கு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினேன். மதினியின் வாயும் பதினெட்டு வருஷமாக இதையேதான் செய்திருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புதுக்குழம்பு வைக்கக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஏழரைக்கெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்தேன். பன்னிரண்டு மணிக்கு மதினிக்கு டாக்டரம்மாவைப் பார்க்கிற முறை. அண்ணன் கூட்டி வருவான். ஆறு மாதம் கழித்து வா என்பார்கள். பஸ் ஏறிப் போய் மறுபடி கடிக்க ஆரம்பித்துவிடுவார். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். திரியின் கோட்டை எடுத்தேன். சந்தேகமே இல்லை, அதே ஊசிகள், அதே அகல மேடுகள். கழிக்கச் சொல்லிக் கணினிக்கு உத்தரவு கொடுத்துவிட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தேன்.

கடவுளை நான் அதிகம் தொந்தரவு செய்கிறவள் இல்லை. அன்றைக்குச் செய்தேன். நீலமாக இருக்கட்டும், நீலமாக இருக்கட்டும் என்று உதடு தானாக முணுமுணுத்தது. எல்லாம் கரியால் வந்த குழப்பம், அடியில் நல்ல சதைதான், நான்தான் வீணாகப் பதறிவிட்டேன் என்று ஆகட்டும். முதல் வரிசை திறந்தது. இரண்டு புள்ளிகள் நீலம். எனக்கு மூச்சு வந்தது. மூன்றாவது சிவப்பு. நாலாவது சிவப்பு. அடுத்த வரிசை முழுக்கச் சிவப்பு. அதற்குப் பிறகு கறுப்பு விலக விலகச் சிவப்புதான் வந்தது. நான் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றேன், திரும்பி வந்து பார்த்தேன், அது மாறவில்லை.

எங்கள் பேராசிரியர் ஒன்பதரைக்கு வந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். சதை யாருடையது என்பதையும், படிவத்துப் பொய்யையும் சேர்த்துத்தான். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, துடைத்து, துடைத்துக்கொண்டே இருந்தார். சொந்தக்காரரின் சதையை வைத்துக்கொண்டு, விடை தெரிய வேண்டும் என்ற பதற்றத்தோடு நீ கழித்த கணக்கை நான் எப்படி நம்புவது என்று கேட்டார். கழிக்கிறவர் கை கொஞ்சம் கூடினால் சிவப்பு, குறைந்தால் நீலம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் தப்பில்லை. விதியை மீறியதற்காக இந்தத் துண்டைத் திட்டத்திலிருந்து நீக்குகிறேன் என்றார். சரி என்றேன்.

நான் படத்தை அச்செடுக்கப் போனபோது அவர் கை நீட்டித் தடுத்தார்.

"படத்தைக் காட்டாதேம்மா. அது அந்த டாக்டருக்கு ஆகாது. போய்ப் படிவத்தைத் திருத்து."

எனக்கு அது உடனே புரியவில்லை. ஆட்டோவில் போகும்போதுதான் புரிந்தது. இத்தனை விலை உயர்ந்த கருவி சொன்னதை, அன்றைக்கு மதினி ஒரு வாக்கியத்தில் சொல்லியிருப்பார். டாக்டர் அப்போதே அந்த இடத்தைத் தேடியிருப்பார். ஒளியைப் பாய்ச்சி, கோடு வரைந்து, ஊசி எண்ணி நான் கண்டுபிடித்ததெல்லாம், நான் அடைத்த வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய விஷயம். சிக்னலில் ஆட்டோ நின்றது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆஸ்பத்திரிக்கா, வேறெங்காவதா என்று எனக்கே தெரியாது.

மதினியும் அண்ணனும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். நான் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். டாக்டரம்மா சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் பொய் எழுதிவிட்டேன் டாக்டர் என்றேன். அவர் பேனா நின்றது. மதினி வீட்டில் சரம் பின்னுகிறார், பதினெட்டு வருஷமாக மருந்துத் திரியைப் பல்லால் கடிக்கிறார், வலது கடைவாயில்தான் கடிப்பார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணன் என்னை முறைத்தான். போலீஸ் என்று அவன் வாய் அசைந்தது. டாக்டரம்மா என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. மதினியிடம் ஒரு நூலைக் கொடுத்து, எப்படிக் கடிப்பீர்கள், காட்டுங்கள் என்றார்.

மதினி தலையைச் சாய்த்துக் கடித்துக் காட்டினார். நூல் எந்தப் பல்லில் விழுகிறது, நாக்கு எங்கே ஒதுங்குகிறது என்று டாக்டரம்மா விளக்கு போட்டுப் பார்த்தார். பிறகு கையுறை மாட்டிய விரலை நாக்கின் அடியில் பின்பக்கமாக விட்டு அழுத்தினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டார். பின்பக்கம் கல் மாதிரி இருக்கிறது, அங்கேயே இன்றைக்கே இன்னொரு துண்டு எடுக்கிறேன் என்றார்.

நாலு நாள் காத்திருந்தோம். அந்த நாலு நாளும் அண்ணன் என்னோடு பேசவில்லை. மதினி மட்டும் தினமும் போன் செய்து நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். ஐந்தாம் நாள் முடிவு வந்தது. புற்றுதான், ஆரம்ப நிலை. ஆறு மாதம் விட்டிருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அந்தக் கணக்கை இப்போது போடாதீர்கள் என்று டாக்டரம்மா நிறுத்திவிட்டார். திரி கடித்ததால்தான் வந்ததா என்று அண்ணன் கேட்டான். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரே இடத்தில் வருஷக்கணக்காக உரசியது நல்லதில்லை என்பது மட்டும் நிச்சயம் என்றார்.

நாக்கின் வலது ஓரத்தை எடுத்தார்கள். கழுத்திலும் கத்தி வைத்தார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்ற முடிவு வந்த அன்று அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். மதினிக்கு உயிர் தங்கியது. ஆனால் பேச்சு பழையபடி வரவில்லை. வார்த்தைகள் பாதி நசுங்கி வரும். தெருவில் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசுகிற வாய் அது. இப்போது கடைக்காரர் 'என்னது?' என்று இரண்டாவது முறை கேட்டால் கையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்.

வீட்டுக்கு வருகிற சாக்கு நின்றுவிட்டது. அடுத்த வீட்டுக்குப் போகிறது. பித்தளைப் பாத்திரக் கடையில் சொல்லித் தகட்டில் ஒரு சின்னக் கத்தி செய்து அந்த வீட்டு அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, பல்லுதான் வேகம் என்று சிரித்தார். எனக்கு அவரை உலுக்க வேண்டும் போல இருந்தது. மதினியைக் கூட்டிப்போய் அவர் முன்னால் உட்கார வைத்தேன். கத்தி மறுபடி மடிக்கு வந்தது. எத்தனை நாளைக்கோ.

போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டரம்மா அறுவை அரங்கில் இருந்ததால் ஒரு இளம் டாக்டர் புதுப் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார். பெயர், வயது எல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதினார். தொழில் என்றார். பழக்கதோஷம், நான் வாயைத் திறந்துவிட்டேன். மதினி என் முழங்கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

அவர் இளம் டாக்டரை நேராகப் பார்த்துப் பேசினார். நாக்கு சரியாகப் புரளாமல், எச்சில் கடைவாயில் வழிய, ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளினார். கழுத்துத் தழும்பு இழுபட்டது. இளம் டாக்டருக்குப் புரியவில்லை. எல்லாரும் செய்வது போல என் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல ஒரு நொடி போதும்.

"அவங்களையே கேளுங்க டாக்டர்," என்றேன். "அவங்க சொல்லுவாங்க."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். மதினி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் சொன்னார். மூன்றாம் தரம் சொன்னார். மூன்றாம் தரத்தில் இளம் டாக்டர் குனிந்து எழுத ஆரம்பித்தார்.

"சரம் பின்னுவேன். பதினெட்டு வருசம். திரியப் பல்லால கடிப்பேன்."